பசுமை வளையத்துக்குள் நம் நிலம் எங்கே?

சென்னையிலிருந்து அரக்கோணம் வரும் ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்தால் ஒரு காட்சி தவறாமல் கண்ணில் படும். போன வருஷம்வரை நெல்லும் வேர்க்கடலையும் விளைந்த நிலத்தில் வரிசையாகக் கல் நட்டிருப்பார்கள். நடுவில் மண் ரோடு, முகப்பில் ஒரு வளைவு, கயிற்றில் வண்ணக் கொடிகள். திருவள்ளூரைத் தாண்டினாலும் மனைப்பிரிவுகள் முடிவதில்லை. 2022இல் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கி அரசு ஆணையிட்டது. அரக்கோணம் பகுதியும் அந்த எல்லைக்குள் வருகிறது.

நகரம் இப்படி வீங்கும்போது அதைச் சுற்றியுள்ள வயலையும் ஏரியையும் கட்டடம் ஏறாமல் காப்பதைப் பசுமை வளையம் என்கிறார்கள். அது வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஏரி போனால் ஊருக்கும் தண்ணீர் கிடையாது, சேரிக்கும் கிடையாது. நாம் கேட்பது இதுதான்: உள்ளாட்சியும் நில உடைமையாளரும் கூடிப் பேசி வளையம் அமைக்கும்போது, நாம் நில உடைமையாளராக உட்காருவோமா, காலி செய்யப்பட வேண்டிய ஆக்கிரமிப்பாளராக வெளியே நிற்போமா?

பசுமை வளையத்துக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் லண்டன். 1938இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அதன்படி உள்ளாட்சி மன்றங்கள் நகரைச் சுற்றியுள்ள நிலத்தை விலைக்கு வாங்கலாம். அல்லது உடைமையாளரோடு ஒப்பந்தம் செய்து, நிலத்தை அவரிடமே விட்டுவிட்டு, அதன்மேல் ஒரு நிபந்தனை எழுதலாம். அனுமதி இல்லாமல் அங்கே கட்டடம் எழுப்ப முடியாது.

நிலத்தின்மேல் நிபந்தனை எழுதுவது நமக்குப் புதிதல்ல. லண்டன் சட்டத்துக்கு 46 ஆண்டுகள் முன்பே இங்கே எழுதப்பட்டது. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை குறித்து 1891இல் அறிக்கை கொடுத்தார். அதையொட்டி 1892 செப்டம்பர் 30 அன்று சென்னை மாகாண அரசு ஆணை பிறப்பித்தது. அப்படி வந்ததுதான் பஞ்சமி நிலம். மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. முதல் பத்து ஆண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. நம் பெரியவர்கள் 'டி.சி. நிலம்', 'கண்டிஷன் பட்டா' என்று சொல்வது இதைத்தான்.

லண்டனில் நிபந்தனையைக் காக்க உள்ளாட்சி மன்றம் பக்கத்திலேயே இருந்தது. இங்கே காக்க வேண்டியவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். கல்யாணக் கடனுக்கும் வைத்தியச் செலவுக்கும் நிலம் கைமாறியது. மிரட்டலுக்கும் கைமாறியது. 1980களில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் கணக்குகள் புதிதாக எழுதப்பட்டபோது, பல கிராமங்களில் நிபந்தனைக் குறிப்பே காணாமல் போனது. மீட்டுக் கொடுங்கள் என்று கேட்டதற்கு 1994 அக்டோபர் 10 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் எழுந்த அந்தப் போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர் கொடுத்தார்கள்.

அந்த நிலம் நம் கையில் நின்றிருந்தால், மனை வியாபாரி எத்தனை லட்சம் கொடுத்தாலும் வாங்க முடியாது. ஒரு ரூபாய் செலவில்லாத பசுமை வேலி அது. பஞ்சமி நிலத்தை மீட்பதும் பசுமையைக் காப்பதும் வேறு வேறு வேலை அல்ல.

"அப்படியென்றால் தலித்துகள் மட்டும் காலமெல்லாம் சேற்றிலேயே நிற்க வேண்டுமா?" என்று மாணவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நிலம் இல்லாதவருக்கு ஏர் பிடிக்கும் உரிமையும் இல்லை, ஏரை விடும் உரிமையும் இல்லை. கூலிக்குப் போவது ஒன்றுதான் வழி. நிலம் இருந்தால்தான் முடிவெடுப்பது நம் கைக்கு வரும். மேலும், நகரத்தின் தண்ணீருக்காக ஒருவர் தன் நிலத்தை வயலாகவே வைத்திருந்தால், கிணறு, மின் இணைப்பு, விளைச்சலுக்கு நல்ல விலை ஆகியவற்றை அவருக்கு உறுதிசெய்வது அரசின் கடமை.

வளையம் போடாமல் விட்டதன் விலை நமக்கு மேற்கே தெரிகிறது. ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை பாலாற்றுப் படுகையைத் தோல் கழிவு கெடுத்தது. தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக வந்த ஆய்வை, உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பில் எடுத்துக்காட்டியது. மாசு செய்தவரே இழப்பீடு தர வேண்டும் என்றது. நிலம் வைத்திருந்தவரிடம் இழப்பீடு கேட்கப் பட்டா இருந்தது. அந்த நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்தவரிடம் என்ன காகிதம் இருந்தது?

புறம்போக்கு விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். ஏரியும் மேய்க்காலும் காக்கப்பட வேண்டியவைதான். ஆனால் பசுமை என்ற பெயரில் புல்டோசர் வரும்போது, வீட்டுமனை இல்லாமல் கரையோரம் குடிசை போட்டவர் வாசலுக்குத்தான் முதலில் வருகிறது. பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொன்ன 2011 ஜனவரி 28 உச்ச நீதிமன்றத் தீர்ப்பே, நிலமற்ற உழைப்பாளிகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் அரசு முறைப்படி குத்தகைக்குக் கொடுத்த இடங்களை விதிவிலக்காகச் சொல்கிறது. மாற்று மனை கொடுக்காமல் வீட்டை இடிப்பது நீதியாகாது.

ஊராட்சி என்ன செய்யலாம்? மேய்ச்சல் நிலம், களம், தோப்பு போன்ற புறம்போக்குகளைப் பராமரிக்கும் பொறுப்பை 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் அதனிடம் தருகிறது. நூறு நாள் வேலையில் பட்டியல் சாதியினரின் சொந்த நிலத்தில் பண்ணைக்குட்டை வெட்டவும், வரப்பு உயர்த்தவும், மரக்கன்று நடவும் வழி செய்யப்பட்டது. தாட்கோவின் நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம், நிலமற்ற தலித் பெண்கள் விவசாய நிலம் வாங்க 50 சதவீதம், அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம் தருகிறது. இப்படிப்பட்ட திட்டங்களை ஏரிப் பாசன நிலங்களோடு இணைத்தால், உள்ளாட்சியும் உடைமையாளரும் சேர்ந்து காக்கும் வளையம் நம் ஊரிலேயே உருவாகும்.

கிராம சபைத் தீர்மானத்தால் என்ன ஆகும் என்று அலட்சியம் வேண்டாம். 2024 நவம்பரில் மதுரை மேலூர் வட்டார கிராம சபைகள் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டன. மக்கள் போராட்டமும் தொடர்ந்தது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அரிட்டாபட்டி மலை நின்றது.

படித்த பிள்ளைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் கிராமத்தின் பழைய 'அ' பதிவேட்டையும், நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகு எழுதப்பட்ட பதிவேட்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் அருகருகே வைத்து சர்வே எண் வாரியாகப் பாருங்கள். எங்கே நிபந்தனைக் குறிப்பு மறைந்திருக்கிறதோ, அங்கே பென்சிலால் குறியுங்கள். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு அம்மாவையும் பாட்டியையும் அழைத்துக்கொண்டு, அந்த நகலோடு போவோம். வளையத்துக்கான வரைபடம் அந்தக் காகிதத்திலிருந்து தொடங்கட்டும்.