நோயுற்றவரின் குரல்

மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துரைக்கிறது திருக்குறள். ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் நிறைவுக் குறளில் (950) நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் ஆகிய நான்கும் ஒருங்கே சுட்டப்படுகின்றன. அவ்வரிசையில் முதலிடம் பெறுபவர் நோயுற்றவரே. ஆயினும், நடைமுறையில் அவர் பேசாதிருக்க, உடன்வந்தோரே அவருக்காக முடிவெடுப்பதைப் பல இடங்களில் காணலாம்.

நோயாளி அறிந்தவை

மருத்துவர் நோயை அறிவார். நோயாளி தம் வாழ்வை அறிவார். இவ்விரண்டும் இணையும்போதே தக்க முடிவு பிறக்கும். கடலூர் மாவட்டத்தின் விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்றது. இத்தகைய தொழில்களில் எழும் சிலிக்கா தூசியை நெடுங்காலம் சுவாசிப்போருக்குச் ‘சிலிக்கோசிஸ்’ என்னும் நுரையீரல் நோய் வரக்கூடும். இருமல், மூச்சுத்திணறல் முதலிய அதன் அறிகுறிகள் காசநோயின் அறிகுறிகளை ஒத்திருப்பதால், ஒன்றை மற்றொன்றாகக் கருதிவிட வாய்ப்புண்டு. தாம் பல்லாண்டுகளாகத் தூசியில் வேலை செய்வதை நோயாளி எடுத்துரைத்தால், நோயறியும் பாதையே மாறக்கூடும். அதைக் கூறாது விடுத்தால், சிறந்த மருத்துவரும் தடுமாற நேரலாம்.

ஒப்புதல் என்பது யாது?

தில்லியில் ஒரு பெண், நோயைக் கண்டறியும் உள்நோக்கிப் பரிசோதனைக்கு ஒப்புதல் அளித்தார். அவர் மயக்க நிலையில் இருந்தபோது, தாயாரின் ஒப்புதலைப் பெற்று அவருடைய கருப்பை அகற்றப்பட்டது. இவ்வழக்கில் 2008ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. பரிசோதனைக்கு அளித்த ஒப்புதல் அறுவை மருத்துவத்திற்கான ஒப்புதல் ஆகாது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, தெளிந்த மனநிலையுடைய வயதுவந்தவருக்காகப் பிறர் ஒப்புதல் அளிக்க இயலாது என்று அத்தீர்ப்பு தெளிவுபடுத்தியது. மருத்துவமுறையின் தன்மை, பயன், மாற்று வழிகள், முக்கிய இடர்கள், மறுத்தால் நேரக்கூடிய விளைவு ஆகியவற்றை அறிந்தபின் அளிப்பதே உண்மையான ஒப்புதல். படிக்காமல் இடும் கையொப்பம் அதற்கு ஈடாகாது.

கேட்கும் உரிமை

நோயாளி வேண்டினால், மருத்துவப் பதிவேடுகளை 72 மணி நேரத்திற்குள் வழங்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைகள் கூறுகின்றன. அப்பதிவுகள் கையிலிருந்தால், வேறொரு மருத்துவரின் கருத்தையும் எளிதில் பெறலாம்.

வினவுவது மருத்துவரை ஐயுறுவதன்று. நோயாளிகள் நிறைந்த மருத்துவமனையில் மருத்துவருக்குக் கிடைப்பது சில மணித்துளிகளே. எனவே, கேட்க வேண்டியவற்றை முன்னரே எழுதி வைத்துக்கொள்ளுதல், உண்ணும் மருந்துகள் அனைத்தையும் மறைக்காமல் கூறுதல், புரியாததை மீண்டும் கேட்டறிதல் ஆகியன நோயாளியின் கடமைகள். எழுதப் படிக்க அறியாத பெரியவர்களுடன் மருத்துவமனைக்குச் செல்லும் மாணவர்கள், படிவத்தில் உள்ளதை அவர்களுக்குப் படித்துக்காட்டி விளக்கலாம். ஆனால் முடிவை அவர்களிடமே விட வேண்டும். நோயின் வலியையும் மருத்துவத்தின் விளைவையும் தம் உடலில் தாங்குபவர் அவர்களே.