பச்சைக் குழந்தைக்கு மூக்கடைப்பா? பதறாதீர்கள்! எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்காதீர்கள்!

மார்கழி மாதம். நள்ளிரவு.

நெய்வேலி நகரியத்தில் ஒரு குவார்ட்டர்ஸ் வீடு. வெளியே பனி கொட்டுகிறது. தாத்தா சுரங்கத்துக்கு நைட் ஷிப்டுக்குப் போய்விட்டார். தலைப்பிரசவத்துக்காகத் தாய் வீடு வந்த மகள், பிறந்து 20 நாளே ஆன குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

குழந்தையின் மூக்கில் "கர்... கர்..." என்று சத்தம். பால் குடிக்க வாயை வைக்கிறது. இரண்டு வாய் குடிக்கிறது. மூச்சு முட்டி வாயை எடுத்துவிடுகிறது. "வீல்" என்று அலறுகிறது.

"இப்படித் தள்ளு. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, மூக்கை ஊதிவிட்டால் சளி வந்துவிடும்" என்று கிண்ணத்தோடு வருகிறார் ஆயா.

"வேண்டாம் ஆயா! மூக்கில் எண்ணெய் விடக்கூடாது என்று டாக்டர் அம்மா சொல்லி அனுப்பினார்கள்" என்கிறாள் பேத்தி.

"உன் அம்மாவை நான் இப்படித்தான் வளர்த்தேன்!" என்கிறார் ஆயா.

இது ஒரு வீட்டில் மட்டும் நடக்கிற காட்சி அல்ல. பனிக்காலம் வந்தால் வீட்டுக்கு வீடு நடப்பதுதான். இதில் யார் சொல்வது சரி? ஆயாவா, பேத்தியா?

பேத்தி சொல்வதுதான் சரி. ஏன் என்று பார்ப்போம்.

மூக்குதான் வழி

நமக்கு மூக்கு அடைத்தால் வாயால் மூச்சு விடுவோம். பச்சைக் குழந்தைக்கு அந்தப் பழக்கம் வருவதற்குச் சில மாதங்கள் ஆகும். அதுவரை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். பால் குடிக்கும்போது வாயும் அடைபட்டிருக்கும். அதனால்தான் மூக்கு அடைத்த குழந்தை பால் குடிக்க முடியாமல் அழுகிறது.

குழந்தையின் மூக்குத் துவாரம் மிகச் சிறியது. அதில் துளி சளி ஒட்டினாலும் போதும். வீடே கேட்கும்படி சத்தம் வரும். சத்தம் பெரிதாக இருப்பதால் வியாதி பெரிது என்று அர்த்தம் இல்லை.

குழந்தை அடிக்கடி தும்முகிறதா? பயப்பட வேண்டாம். தூசியையும் சளியையும் வெளியே தள்ள அதற்கு இருக்கும் வழி அதுதான். காய்ச்சல் இல்லாமல், நன்றாகப் பால் குடித்து, நன்றாகத் தூங்கும் குழந்தைக்கு லேசான மூக்கடைப்பு இருந்தால் மருந்தே தேவைப்படாது.

எண்ணெய் எங்கே போகிறது?

மூக்கில் விட்ட எண்ணெய் மூக்கோடு நிற்பதில்லை. தொண்டைக்குப் போகும். அங்கிருந்து மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்கும் இறங்கிவிடும்.

தண்ணீர் புரை ஏறினால் குழந்தை இருமும். எண்ணெய் வழவழப்பானது. இருமலைக்கூடத் தூண்டாமல் உள்ளே போய்விடும். போன எண்ணெய் எளிதில் வெளியே வராது. நுரையீரலில் தங்கிப் புண்ணாக்கும். டாக்டர்கள் இதை "எண்ணெய் நிமோனியா" என்கிறார்கள்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் அல்ல. தென்னிந்தியக் குழந்தைகளுக்கு இந்த நோய் வருவது பற்றி 1973-ம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகை ஒன்றில் கட்டுரை வெளிவந்திருக்கிறது.

வாயால் ஊதுவதும், உறிஞ்சுவதும் கூடாது. பெரியவர்கள் வாயில் இருக்கும் கிருமி நேராகக் குழந்தையின் மூக்குக்குள் போகும். "தொக்கம் எடுக்கிறேன்" என்று குழாய் வைத்து ஊதுகிறவர்களிடமும் குழந்தையைக் கொண்டு போகாதீர்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

மருந்துக் கடையில் குழந்தைகளுக்கான "சலைன்" மூக்குச் சொட்டு கிடைக்கிறது. சுத்தமான உப்பு நீர்தான் அது. 100 பங்குக்கு 0.9 பங்கு உப்பு. கண்ணீரின் உப்பு அளவுக்குச் சமமாக இருப்பதால் எரிச்சல் தராது. டாக்டரைக் கேட்டு ஒரு பாட்டில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சமையல் உப்பைக் கரைத்து நீங்களே தயாரிக்க வேண்டாம். அளவு தவறும். கிருமியும் சேரும்.

பால் கொடுப்பதற்குச் சற்று முன்பு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். ஒவ்வொரு துவாரத்திலும் ஒன்று அல்லது இரண்டு சொட்டு விடுங்கள். ஒரு நிமிஷம் பொறுங்கள். சளி இளகும். குழந்தை தும்மினாலும் தும்மும். வெளியே வந்ததை மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள். அவ்வளவுதான்.

பஞ்சுக் குச்சியை மூக்குக்குள் விடாதீர்கள். உள்ளே தோல் மிக மெல்லியது. கீறினால் ரத்தம் வரும்; வீங்கி, அடைப்பு அதிகமாகும்.

கடையில் வாங்கும்போது ஓர் எச்சரிக்கை! சலைன் பாட்டிலைப் போலவே இன்னொரு பாட்டிலும் இருக்கும். பெரியவர்களின் மூக்கடைப்புக்கு விடும் மருந்து அது. அதில் "சைலோமெட்டாசோலின்" அல்லது "ஆக்சிமெட்டாசோலின்" என்று எழுதியிருக்கும். அது பச்சைக் குழந்தைக்கு ஆபத்து. பெயரைப் படித்துப் பார்த்து, கடைக்காரரிடமும் கேட்டு வாங்குங்கள்.

தாய்ப்பாலே மருந்து

மூக்கடைப்பு இருக்கும்போது குழந்தை ஒரே மூச்சில் வயிறு நிறையக் குடிக்காது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். தலையைச் சற்று உயர்த்திப் பிடித்துக் கொடுங்கள்.

தாய்க்கே ஜலதோஷமா? அப்போதும் பாலை நிறுத்தாதீர்கள். நோயை எதிர்க்கும் சக்தி அந்தப் பாலில்தான் குழந்தைக்குப் போகிறது. முகக்கவசம் கட்டி, கையைக் கழுவிக்கொண்டு கொடுத்தால் போதும்.

துளசிச் சாறு, கற்பூரவல்லிச் சாறு, வெந்நீர் எதுவும் வேண்டாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே. தேன் ஒரு வயது முடியும்வரை கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி குழந்தையின் தசைகளையே செயல் இழக்கச் செய்துவிடும்.

புகையும் தூசியும்

குளிப்பாட்டியதும் சாம்பிராணி போடுவது நம் வழக்கம். வாசனை நமக்கு இனிக்கிறது. குழந்தையின் மூக்குக்கு அதுவும் புகைதான். மூக்கின் உட்புறம் வீங்கி, அடைப்பு கூடும். தலையைத் துணியால் ஒற்றித் துடைத்தாலே உலர்ந்துவிடும். கொசுவர்த்திச் சுருள், பீடி, சிகரெட் புகையும் வேண்டாம். சுருளுக்குப் பதில் கொசுவலை கட்டுங்கள். முகத்துக்குப் பவுடரும் போடாதீர்கள்.

கற்பூரம் கலந்த தைலத்தை நெஞ்சிலும் மூக்கிலும் தடவக்கூடாது. அந்தக் காரம் பச்சைக் குழந்தையின் மூச்சையே நிறுத்திவிடலாம். கொதிநீர் வைத்து ஆவி பிடிக்கவும் வேண்டாம். ஒரு கை தவறினால் குழந்தை வெந்துவிடும்.

நெய்வேலிக்காரர்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. 1957-ம் ஆண்டு பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்த ஊர் இது. 1962-ம் ஆண்டிலிருந்து இங்கே மின்சாரம் உற்பத்தியாகிறது. பழுப்பு நிலக்கரி ஊருக்குச் சோறு போடுகிறது. ஆனால், அந்தத் தூசி குழந்தைக்கு ஆகாது. ஷிப்ட் முடிந்து வருகிற அப்பாவும் தாத்தாவும் ஆசையாக ஓடிவந்து குழந்தையைத் தூக்காதீர்கள். முதலில் உடை மாற்றுங்கள். கை, முகம் கழுவுங்கள். பிறகு கொஞ்சுங்கள். காற்றில் தூசி அடிக்கும்போது அந்தப் பக்கத்து ஜன்னலை மூடி வையுங்கள். வீட்டைப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது.

குழந்தையைத் தூங்க வைக்கும்போது தலையணை வேண்டாம். சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

எப்போது ஓட வேண்டும்?

மூக்கடைப்புக்கும் மூச்சுத் திணறலுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். அது தெரிந்தால் ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.

குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி வயிற்றைப் பாருங்கள். கடிகாரத்தை வைத்து ஒரு நிமிஷம் முழுவதும் எண்ணுங்கள். நிமிஷத்துக்கு 60-க்குள் இருந்தால் சரி. 60-ம் அதற்கு மேலும் இருந்தால் இன்னொரு முறை எண்ணுங்கள். மீண்டும் அப்படியே இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிகிறதா? ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுகிறதா? உதடு, நாக்கு நீலம் பாய்கிறதா? பால் குடிக்க மறுக்கிறதா? எழுப்பினாலும் துவண்டு கிடக்கிறதா? வலிப்பு வருகிறதா? அக்குளில் வைத்துப் பார்த்தால் காய்ச்சல் 99.5 டிகிரியோ அதற்கு மேலோ இருக்கிறதா? உடம்பு சில்லிட்டுக் கிடக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். பிறந்த குழந்தைக்கு அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம்.

இன்னொன்று: சும்மா இருக்கும்போது நீலமாகி, அழும்போது மட்டும் சிவக்கிற குழந்தை உண்டு. அதற்குப் பிறவியிலேயே மூக்கின் பின்வழி மூடியிருக்கலாம். இதையும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஆயா என்ன செய்தார்?

அந்த வீட்டுக்கே திரும்பி வருவோம்.

பேத்தி சலைன் சொட்டு விட்டாள். குழந்தை இரண்டு முறை தும்மியது. ஆயா சேலைத் தலைப்பால் துடைக்கப் போனார். பேத்தி சுத்தமான துணியை நீட்டினாள். வாங்கித் துடைத்தார். குழந்தை பால் குடித்தது. விடாமல் குடித்தது.

ஆயா எண்ணெய்க் கிண்ணத்தைச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தார். "நீ கொஞ்சம் படு. நான் மடியில் வைத்துக்கொள்கிறேன்" என்றார்.

தாய்மார்களே! ஆயாக்களின் அனுபவம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அவர்களுடைய மடி வேண்டும். கண் விழித்துப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பொறுமை வேண்டும். எண்ணெய் மட்டும் சமையலறையிலேயே இருக்கட்டும்!