வேரை மூடும் ஒட்டு: ஈறு இறக்கத்துக்கான திசு சிகிச்சை

பல்லின் எனாமல் முடிந்து வேர் தொடங்கும் கோட்டை மூடி நிற்க வேண்டிய ஈறின் விளிம்பு, அக்கோட்டைக் கடந்து வேரின் நுனியை நோக்கிப் பின்வாங்குவதையே பல் மருத்துவம் ஈறு இறக்கம் என்கிறது. மேற்பற்களில் ஈறு மேல்நோக்கி ஏறினாலும் பெயர் அதுவே. வெளிப்பட்ட வேருக்கு எனாமலின் காப்பு இல்லாததால், குளிர்ந்த நீர் பட்டதும் பல் கூசுகிறது, வேரில் சொத்தை விழவும் இடம் ஏற்படுகிறது. பிரஷை அழுத்திக் குறுக்காகத் தேய்ப்பது, செங்கல் தூள், உமிக்கரி போன்ற சொரசொரப்பான பொடிகளால் பல் துலக்குவது, பற்காரை படிந்து ஈறும் எலும்பும் நோயுறுவது, பல் வரிசையிலிருந்து முன்தள்ளி நிற்பதால் அதன்மேல் எலும்பும் ஈறும் மெலிந்திருப்பது ஆகியவை இதன் முக்கியக் காரணங்கள்.

பின்வாங்கிய ஈறு பற்பசையாலோ மருந்தாலோ பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. கூச்சமும் சொத்தையும் இல்லாமல், இறக்கம் மேலும் கூடாமல் இருந்தால் கண்காணிப்பே போதும் என்றாலும், வேரை மீண்டும் மூட வேண்டுமானால் அறுவை சிகிச்சைதான் வழி. அதில் மருத்துவர் எதிர்கொள்ளும் அடிப்படைச் சிக்கல் ஒன்று உண்டு. வேறிடத்திலிருந்து வெட்டியெடுத்து நட்ட திசு, அதாவது ஒட்டு, பிழைக்கக் குருதி வேண்டும். அது மூடவேண்டிய வேரின் பரப்பிலோ குருதிநாளங்களே இல்லை. எனவே ஒட்டுக்குத் தேவையான குருதி, வேரைச் சூழ்ந்துள்ள ஈறிலிருந்தும் எலும்பின் மேலுறையிலிருந்தும்தான் வந்தாக வேண்டும். இச்சிகிச்சையின் வளர்ச்சியைப் பெரிதும் வழிநடத்தியது இந்தத் தேவையே.

1960களில் பரவிய முறையில், மேலண்ணத்திலிருந்து மேல்தோலோடு சேர்த்து ஒரு துண்டு எடுக்கப்பட்டு, ஈறு மெலிந்த இடத்தில் தைக்கப்பட்டது. உறுதியான ஈறின் அகலத்தைக் கூட்ட அது உதவியபோதிலும், குருதி ஓரங்களிலிருந்தும் அடியிலிருந்தும் மட்டுமே கிடைத்ததால், அகன்ற வேரின் நடுவே ஒட்டு கருகிப்போகும் வாய்ப்பு இருந்தது. பிழைத்த ஒட்டும் அண்ணத்தின் வெளிறிய நிறத்தோடு தனித்துத் தெரிந்தது. பின்னர் 1975இல் காரிங், லாங், லோ ஆகியோர் குரங்குகளில் நடத்திய ஆய்வு, மேல்தோல் தடித்து உறுதியாவதா, மென்மையாகவே இருப்பதா என்பதை அதன் அடியிலுள்ள இணைப்புத் திசுவே தீர்மானிக்கிறது எனக் காட்டியது. அப்படியானால் அண்ணத்தின் மேல்தோலை உரித்தெடுக்க வேண்டியதில்லை, அதன் கீழுள்ள இணைப்புத் திசுவை மட்டும் எடுத்தாலே போதும்.

1985இல் பி. லாங்கரும் எல். லாங்கரும் விவரித்த முறையில் இக்கருத்து வேர் மூடலுக்குப் பயன்பட்டது. உணர்வு நீக்க ஊசி போட்டு வேரைச் சுத்தம் செய்தபின், ஈறு மெல்லிய மடலாகப் பிரிக்கப்படுகிறது. அண்ணத்தில் முன்கடைவாய்ப் பற்களை ஒட்டிய பகுதியிலிருந்து ஏறக்குறைய 1 முதல் 1.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள இணைப்புத் திசு எடுக்கப்பட்டு, வேரின்மேல் வைக்கப்படுகிறது; அதன்மேல் மடல் இழுத்துத் தைக்கப்படுகிறது. மடலுக்கும் அடிப்படுகைக்கும் இடையில் செருகப்பட்ட ஒட்டு இரு புறமிருந்தும் குருதி பெறுகிறது, ஈறின் நிறத்தோடும் ஒத்துப்போகிறது. அண்ணத்தில் காயத்தைத் தவிர்க்க, உயிரணுக்கள் நீக்கப்பட்ட தானத் தோலும் பன்றியிலிருந்து பெறப்படும் கொலாஜன் விரிப்பும் மாற்றாக உள்ளன. ஆயினும் நோயாளியின் சொந்தத் திசுவே இன்றும் அளவுகோலாகக் கருதப்படுகிறது.

முதல் இரண்டு மூன்று நாள்கள் ஒட்டு, சுற்றிலும் கசியும் குருதிநீரால் மட்டுமே பிழைத்திருக்கிறது. அதன் பிறகே நுண்குழாய்கள் அதனுள் வளரத் தொடங்குகின்றன. உதட்டை இழுத்துக் கண்ணாடியில் பார்க்க வேண்டாம், தையல் பிரிக்கும்வரை அவ்விடத்தில் பிரஷ் படக்கூடாது, கிருமிநாசினி நீரால் கொப்பளித்தால் போதும் என்னும் அறிவுரைகள் இதனால்தான் எழுகின்றன. ஒட்டு சற்று அசைந்தாலும் அந்த நுண்குழாய்கள் அறுந்துவிடும். நிக்கோட்டின் குருதிநாளங்களைச் சுருக்குவதால் புகைப்போரிடம் பலன் குறைகிறது.

வேர் எவ்வளவு மூடும் என்பதை முன்கூட்டியே மதிப்பிட 1985இல் மில்லரும் 2011இல் கைரோ குழுவினரும் வகைப்பாடுகளை அளித்தனர். இரண்டுமே, பற்களுக்கு இடையிலுள்ள திசு எந்த அளவுக்கு எஞ்சியிருக்கிறது என்பதையே முதன்மையாகப் பார்க்கின்றன. இடைத்திசு குறையாமல் இருந்தால் வேர் முழுவதும் மூடப்படலாம். அது தேய்ந்திருந்தால் ஒரு பகுதியே மூடும். மிகுதியாக அழிந்திருந்தால் முழு மூடலை எதிர்பார்க்க இயலாது. ஒட்டுக்குக் குருதி தரும் ஓரங்களும், ஈறு நிலைகொள்ளும் உயரமும் அந்த இடைத்திசுவாலேயே அமைகின்றன என்பதால், வேர் தெரியத் தொடங்கியதும் துலக்கும் முறையைத் திருத்தி, ஈறு நோய்க்கு மருத்துவம் செய்து இடைத்திசுவைக் காத்துக்கொள்பவருக்கே பிற்காலத்தில் ஒட்டு முழுப் பலன் தரும்.