நட்சத்திரத்தைச் சூழும் கரு வளையம்

வெள்ளவத்தைக் கடற்கரையிலோ கொட்டாஞ்சேனையின் மொட்டை மாடியொன்றிலோ நின்று இரவு வானைப் படம்பிடிப்போர் எதிர்நோக்கும் சிக்கலொன்று உண்டு. தெருவிளக்குகளும் துறைமுகத்தின் ஒளியும் கடற்காற்றின் ஈரப்பதனும் சேர்ந்து, புள்ளியாக விழவேண்டிய நட்சத்திரத்தைப் பஞ்சுப் பொதியாக்கி விடுகின்றன. அதனைக் கணினியில் கூர்மைப்படுத்த முற்பட்டாலோ, நட்சத்திரத்தைச் சுற்றிக் கரிய வளையமொன்று முளைத்துவிடுகின்றது. வானில் இல்லாத இவ்வளையம் எங்கிருந்து வருகின்றது?

கூர்மைப்படுத்தும் மென்பொருள் முதலில் படத்தின் மங்கலான பிரதியொன்றை ஆக்கிக்கொள்கின்றது. மூலப்படத்துக்கும் அப்பிரதிக்கும் இடையிலான வேறுபாட்டைப் பெருக்கி, அதனை மூலத்துடன் கூட்டுகின்றது. ஒளி மெல்ல மாறும் நெபியூலாக்களில் இதனால் தீங்கில்லை. நட்சத்திரத்தின் விளிம்பிலோ ஒளி சடுதியாக வீழ்கின்றது. அவ்விளிம்புக்குச் சற்று வெளியே மங்கலான பிரதி மூலத்தைவிடப் பிரகாசமாயிருப்பதால் வேறுபாடு எதிர்க்கணியமாகி, அவ்விடம் சூழவுள்ள வானைவிடவும் கறுத்துவிடுகின்றது. ஆரத்தை மாற்றும்போது வளையத்தின் அகலமும் மாறினால் அது மென்பொருள் வரைந்த வளையமே.

பெரும் விஞ்ஞானிகளும் இத்தொல்லையிலிருந்து தப்பவில்லை. 1990 ஏப்ரலில் விண்ணேறிய ஹபிள் தொலைகாட்டியின் பிரதான ஆடி, விளிம்பில் 2.2 மைக்ரோமீற்றர் அளவு கூடுதலாகத் தட்டையாக்கப்பட்டிருந்தது. 1993 டிசம்பரில் அது சீர்செய்யப்படும் வரை, ரிச்சர்ட்சன் 1972இலும் லூசி 1974இலும் தனித்தனியே வெளியிட்ட கணிப்புமுறை பெரிதும் கைகொடுத்தது. ஒரு நட்சத்திரத்தின் ஒளி எவ்வாறு பரவியுள்ளது என்பதை அறிந்து, அப்பரவலைப் பின்னோக்கிக் கணித்து நீக்குவதே அம்முறை. அதிலும் கணிப்பை மிகையாகத் திரும்பத் திரும்பச் செய்தால் பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றி வளையங்கள் எழுகின்றன.

ஆகவே, நட்சத்திரத்தின் நடுப்பகுதி வெளுத்துப்போகாதவாறு குறுகிய நேரப் படங்கள் பலவற்றை எடுத்து ஒன்றுசேர்ப்பது நன்று. வெளுத்த இடத்தில் உண்மையான ஒளியளவு பதிவாகாதபடியால் எந்தக் கணிப்பும் அங்கு பிழைக்கும். மேற்கூறிய பின்னோக்கிய கணிப்பைப் படத்தின் பிரகாசத்தை உயர்த்துவதற்கு முன்னரே செய்தல் வேண்டும். நட்சத்திரங்களை முகமூடியிட்டு மறைத்தோ, ஸ்டார்நெட் போன்ற மென்பொருளால் பிரித்தெடுத்தோ, நெபியூலாவை மட்டும் கூர்மைப்படுத்திப் பின்னர் அவற்றைச் சேர்க்கலாம். ஆயினும் நட்சத்திரம் நீங்கிய இடத்தை அம்மென்பொருள் ஊகத்தாலேயே நிரப்புகின்றது என்பதை மறக்கலாகாது. அழகுக்காக எடுத்த படத்தில் அது பொருட்டல்ல. சான்றாகக் காட்டும் படத்தில் பொருட்டாகும்.

தலைப்பிறைப் படங்களை நாம் இங்கு நினைவுகூர்வது இதனாலேயே. மாதத்தின் 29ஆம் நாள் மாலை கொழும்புப் பெரிய பள்ளிவாசலின் அறிவித்தலை ஆவலுடன் காத்திருப்போர் மத்தியில், கையடக்கத் தொலைபேசிகள் வழியே பிறைப் படமொன்று பரவினால் அதன் விளைவு சிறிதன்று. கமராவின் சாட்சியத்தை ஏற்பதா என்பது உலமாக்களுக்குரிய விடயம். படத்தைக் குறித்து மட்டும் நாம் சொல்லக்கூடியது உண்டு. அந்தி வானின் மெல்லிய முகில் விளிம்பையும் கமராவின் இரைச்சலையும் மிகையான கூர்மைப்படுத்தல் ஒளிக்கீற்றாக்கிவிடக் கூடும். உண்மையான பிறை அடுத்தடுத்து எடுத்த படங்கள் யாவற்றிலும் தோன்றி, வானுடன் சேர்ந்து கீழிறங்கும்; அதன் ஒளிர்விளிம்பு சூரியன் மறைந்த பக்கம் நோக்கியே இருக்கும். திருத்தப்படாத மூலப்படங்களை நேரக்குறிப்புடன் பேணி வைத்திருப்பவரிடம் இதனைச் சில நிமிடங்களிலேயே சரிபார்த்துவிடலாம்.