இஞ்சி குக்கீஸ் மறுநாளே கல்லாகிவிடுகிறதா? காரணம் சர்க்கரையும் கடைசி 2 நிமிடமும்!

ஞாயிறு மாலை ஓடிஜியைத் திறக்கும்போது வீடே பட்டை, கிராம்பு வாசனையில் மணக்கும். திங்கட்கிழமை ஆபீஸில் டப்பாவைத் திறந்தால் குக்கீஸ் 'கடக் முடக்'. ரெசிபியில் 'சாஃப்ட்' என்றுதானே போட்டிருந்தது? வெண்ணெய் விற்கிற விலையில் ஒரு ட்ரே வீணானால் வயிறு எரியும். தப்பு பெரும்பாலும் இரண்டே இடங்களில்தான் நடக்கிறது: சேர்க்கும் சர்க்கரை, வேகவிடும் நேரம்.

சர்க்கரைக்கும் மென்மைக்கும் என்ன சம்பந்தம்?

வெள்ளைச் சர்க்கரை என்பது கிட்டத்தட்ட முழுக்க சுக்ரோஸ். சூட்டில் கரைந்து, ஆறும்போது இறுகிவிடும். மொறுமொறு பிஸ்கட்டுக்கு அது ஓகே. மென்மையான குக்கீஸுக்கு அதுதான் வில்லன்.

அமெரிக்காவில் சாஃப்ட் இஞ்சி குக்கீஸுக்கு மொலாசஸ் ஊற்றுவது இதனால்தான். கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரையைப் பிரித்த பிறகு மிஞ்சும் கரும்பாகு அது. அதிலுள்ள குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஈரத்தைப் பிடித்து வைக்கும், சுக்ரோஸ் இறுகுவதையும் தடுக்கும்.

மொலாசஸைத் தேடி அலைய வேண்டாம். நாட்டுச்சர்க்கரையிலும் வெல்லத்திலும் அந்தப் பாகு பிரிக்கப்படாமல் உள்ளேயே இருக்கிறது. இன்னொரு லாபமும் உண்டு. கொதிக்கும் பாலில் வெல்லம் போட்டால் திரிந்துபோகிறதே, அதற்கு வெல்லத்தின் லேசான அமிலத்தன்மையும் ஒரு காரணம். அதே அமிலம் இங்கே ஆப்ப சோடாவுடன் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடை உண்டாக்கி மாவை உப்ப வைக்கும். சோடா அளவு கூடினால் சோப்பு வாடை அடிக்கும், கவனம்.

இஞ்சியா, சுக்கா?

சுக்குதான். பச்சை இஞ்சியில் தண்ணீர் அதிகம். மேலும், இஞ்சி காயும்போது அதிலுள்ள ஜிஞ்சராலில் ஒரு பகுதி, அதைவிடக் காரமான ஷோகாலாக மாறுகிறது. அதனால் கொஞ்சம் சுக்குப்பொடியே 'சுர்'ரென்று ஏறும்.

தேவையானவை (சுமார் 18 குக்கீஸ்)

• மைதா – 200 கிராம்
• உப்பில்லாத வெண்ணெய் – 115 கிராம்
• நாட்டுச்சர்க்கரை – 130 கிராம்
• கெட்டி வெல்லப்பாகு – 3 டேபிள்ஸ்பூன்
• முட்டை மஞ்சள் கரு – 1
• ஆப்ப சோடா – முக்கால் டீஸ்பூன்
• சுக்குப்பொடி – 2 டீஸ்பூன்
• பட்டைப்பொடி – 1 டீஸ்பூன்
• கிராம்புப்பொடி, உப்பு – தலா கால் டீஸ்பூன்

மைதாவை முடிந்தவரை தராசில் நிறுத்துப் போடுங்கள். கப்பை மாவுக்குள் அழுத்தி அள்ளினால் அளவு கூடிவிடும். மாவு கூடினாலும் குக்கீஸ் கல்தான்.

செய்முறை

1. மைதா, சோடா, உப்பு, மசாலாப் பொடிகளை ஒன்றாகச் சலித்துக்கொள்ளுங்கள்.

2. வெண்ணெயையும் நாட்டுச்சர்க்கரையையும் 2 நிமிடம் அடியுங்கள். வெண்ணெய் விரலால் அழுத்தினால் குழிய வேண்டும், உருகி வழியக் கூடாது.

3. மஞ்சள் கருவையும் ஆறிய வெல்லப்பாகையும் சேர்த்துக் கலக்குங்கள். பாகு சூடாக இருந்தால் வெண்ணெய் உருகிவிடும்.

4. மாவுக் கலவையைச் சேர்த்து, வெள்ளை மறையும் வரை மட்டும் கலந்தால் போதும். சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்தால் குளூட்டன் வலுத்து ரப்பராகிவிடும்.

5. மூடி, ஃப்ரிட்ஜில் 1 மணி நேரம் வையுங்கள். நம்ம ஊர் வெயிலுக்கு இதைத் தவிர்க்கவே கூடாது. இல்லையென்றால் குக்கீஸ் அப்பளம் போலப் பரவிவிடும்.

6. எலுமிச்சை அளவு உருட்டி, 5 செ.மீ. இடைவெளி விட்டு பட்டர் பேப்பரில் அடுக்குங்கள். முன்கூட்டியே 175 டிகிரி செல்சியஸில் சூடேற்றிய ஓடிஜியில் 10 நிமிடம் வைத்தால் போதும்.

அந்தக் கடைசி 2 நிமிடம்

10 நிமிடத்தில் ஓரம் மட்டும் இறுகியிருக்கும். நடுப்பகுதி உப்பலாக, தொட்டால் அமுங்கும் அளவுக்கு இருக்கும். 'இன்னும் வேகலையே, 2 நிமிஷம் விடுவோம்' என்று தோன்றும். அங்கேதான் ஆட்டம் கைவிட்டுப் போகிறது. வெளியே எடுத்த பிறகும் ட்ரேயின் சூடு குக்கீஸைத் தொடர்ந்து வேகவைக்கும். 5 நிமிடம் ட்ரேயிலேயே விட்டு, பிறகு கம்பி ஸ்டாண்டுக்கு மாற்றுங்கள். ஆறும்போது நடுப்பகுதி செட் ஆகிவிடும்.

நடுவில் பச்சை மாவாகவே வழிந்தால் மட்டும் ஒரு நிமிடம் கூட்டலாம். முட்டையும் வேகாத மைதாவும் இருப்பதால் மாவை ருசி பார்க்க வேண்டாம்.

மென்மை நீடிக்க…

முழுவதும் ஆறிய பிறகே காற்றுப்புகாத டப்பாவில் போடுங்கள். கூடவே ஒரு துண்டு பிரெட் வைத்தால் அதன் ஈரத்தைக் குக்கீஸ் இழுத்துக்கொள்ளும். பிரெட் காய்ந்ததும் மாற்றிவிடுங்கள்.

ஒவ்வொரு ஓடிஜியின் சூடும் ஒரு மாதிரி. அதனால் முதல் ஈடில் 3 உருண்டைகளை மட்டும் வைத்து, சரியாக வந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மீதி 15-க்கும் அந்தக் கணக்குதான்!