நடுவில் நிற்கும் ஒயின்!

மாமா கொடுத்த பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் இருக்கிறது. நண்பன் தந்த விளையாட்டோ விண்டோஸுக்கானது. 'கிளிக்' செய்தால் திறக்கவே மாட்டேன் என்கிறது. அழுகையாக வருகிறதா? கண்ணைத் துடைத்துக் கொள்ளுங்கள்!

உங்கள் வீட்டுக்கு டில்லியில் இருந்து ஒரு விருந்தாளி வருகிறார். 'பானி' கேட்கிறார். பாட்டி திருதிருவென விழிக்கிறார். வீட்டில் தண்ணீர் இல்லையா என்ன? குடம் குடமாக இருக்கிறது. அந்த வார்த்தைதான் பாட்டிக்குப் புரியவில்லை. இந்தி தெரிந்த அத்தை நடுவில் நின்றால் போதும், சொம்பு வந்து விடும்.

விண்டோஸ் புரோகிராமும் அப்படித்தான். 'திரையில் படம் வரை', 'ஃபைலைத் திற' என்று விண்டோஸ் முறையில் கேட்கும். அதே வேலைகள் லினக்ஸுக்கும் தெரியும். கேட்கும் விதம்தான் வேறு. நடுவில் நிற்கும் அத்தையின் பெயர் 'ஒயின்'. சிரிக்காதீர்கள், குடிக்கிற சமாச்சாரம் இல்லை! 'ஒயின் இஸ் நாட் அன் எமுலேட்டர்' என்பதன் சுருக்கம். விரித்துச் சொன்னாலும் உள்ளே மறுபடி ஒயின் வருகிறது பாருங்கள். குறும்புக்காரர்கள்!

எமுலேட்டர் என்பது கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரையே நடித்துக் காட்டுவது. விருந்தாளிக்காக உங்கள் வீட்டுக்குள் ஒரு டில்லி வீட்டையே கட்டுவது போல! ஒயின் அவ்வளவு சிரமப்படுவதில்லை. ஆனால், கொஞ்சம் ஏமாற்றும். 'டிரைவ் சி' என்று ஒரு ஃபோல்டரை உண்டாக்கி வைக்கும். புரோகிராம் அதைத்தான் நிஜமான 'சி' டிரைவ் என்று நம்பி, சமர்த்தாக உட்கார்ந்து கொள்ளும்.

இந்த வேலை 1993ல் தொடங்கியது. 1994 முதல் அலெக்சாந்தர் ஜூலியார் தலைமை ஏற்று நடத்துகிறார். விண்டோஸ் உள்ளே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது மைக்ரோசாஃப்டின் ரகசியம். அதனால், 'இப்படிக் கேட்டால் விண்டோஸ் என்ன பதில் தருகிறது?' என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தே எழுதினார்கள். 1.0 பதிப்பு வெளிவந்தது 2008ல். பதினைந்து வருட உழைப்பு!

2018ல் வால்வ் நிறுவனம் இந்த ஒயினையே அடிப்படையாக வைத்து, 'புரோட்டான்' என்று ஒன்றை வெளியிட்டது. 2022ல் வந்த அவர்களின் 'ஸ்டீம் டெக்' என்ற கையடக்கக் கருவி லினக்ஸில் ஓடுகிறது. அதில் விண்டோஸ் விளையாட்டுகள் ஓடுவது புரோட்டானால்தான்.

எல்லாமே ஓடுமா? ஓடாது. ஃபோர்ட்நைட் போன்ற சில ஆன்லைன் விளையாட்டுகளில், கள்ள ஆட்டம் ஆடுபவர்களைப் பிடிக்க ஒரு காவல்காரப் புரோகிராம் உண்டு. லினக்ஸ் என்றால் அது கதவையே திறக்காது. இன்னொரு ஆபத்தும் உண்டு. அத்தை விருந்தாளியின் பேச்சை மொழிபெயர்ப்பாரே தவிர, அவர் நல்லவரா, திருடரா என்று பார்க்க மாட்டார். விண்டோஸ் வைரஸ் வந்தாலும் ஒயின் அதையும் ஓட்டிப் பார்க்கும்! எங்கிருந்தோ வந்த ஃபைலைத் திறக்கும் முன் அப்பா, அம்மாவிடம் காட்டி விடுங்கள்.

ஒயினை நிறுவ காசு வேண்டாம். நிறுவியதும் முதலில் 'ஒயின்மைன்' விளையாடிப் பாருங்கள். அதனுடனேயே வரும் கண்ணிவெடி விளையாட்டு அது. ஜாக்கிரதை, வெடித்து விடப் போகிறது!