பழைய தண்டர்பேர்டா, புது மீட்டியாரா? பெரம்பலூர் - அரியலூர் சாலைக்கு எது சரிப்படும்?

டீக்கடை வாசலில் இரண்டும் பக்கத்தில் நின்றால் போதும், வாக்குவாதம் தொடங்கிவிடும். “பழசு மாதிரி வருமாண்ணே?” என்பார் ஒருவர். “திருச்சி போயிட்டு வந்தா கை மரத்துப்போகுதே!” என்பார் இன்னொருவர். ராயல் என்ஃபீல்டின் குரூஸர் வரிசையில் 2002-ல் வந்தது தண்டர்பேர்டு. அதன் இடத்துக்கு 2020 நவம்பரில் வந்தது மீட்டியார் 350. எது மேல்?

இழுவையில் வித்தியாசம் உண்டா?

பெரிதாக இல்லை. கடைசியாக விற்ற தண்டர்பேர்டு 350-க்கு 346 சிசி, 19.8 பிஹெச்பி, 28 நியூட்டன் மீட்டர் டார்க். மீட்டியாருக்கு 349 சிசி, 20.2 பிஹெச்பி, 27 நியூட்டன் மீட்டர். எடை இரண்டுமே 190 கிலோவுக்குச் சற்று மேல். புதுசு வாங்கினால் பறக்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

அப்புறம் என்னதான் மாறியது?

அதிர்வு. ஒற்றை பிஸ்டன் மேலும் கீழும் ஓடும்போது வண்டி உதறும். மீட்டியாரில் உள்ள பேலன்ஸர் ஷாஃப்ட், எதிர்ப்பக்கமாக ஒரு எடையைச் சுழற்றி அந்த உதறலைத் தணிக்கிறது. தண்டர்பேர்டில் அது கிடையாது. பிஸ்டன் ஓடும் தூரமும் 90 மில்லிமீட்டரிலிருந்து 85.8 ஆகக் குறைந்திருக்கிறது. அதனால் பெரம்பலூர் வழியாகப் போகும் சென்னை - திருச்சி நான்குவழிச் சாலையில் 80, 90-ல் போகும்போது ஹேண்டில்பாரும் ஃபுட்ரெஸ்டும் நடுங்குவது குறைவு. ஒற்றைக் குழாய்ச் சட்டகம் இரட்டைக் குழாயானதால் வளைவிலும் வண்டி நிலையாக நிற்கிறது.

பழசுக்கு மதிப்பே இல்லையா?

உண்டு. தண்டர்பேர்டின் டேங்க் 20 லிட்டர். மீட்டியாருக்கு 15 தான். கார்புரேட்டர் வண்டி என்பதால் ஊர் மெக்கானிக்கே பிரித்து மாட்டிவிடுவார். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் கோளாறு வந்தால் ஸ்கேனர் வேண்டும். அந்த ‘டப் டப்’ சத்தத்துக்கு மயங்கியவர்களிடம் கணக்கு பேசிப் பயனில்லை.

முடிவு எதில் இருக்கிறது?

பிரேக்கில். அரியலூர் பக்கம் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. சாலையில் கொட்டிக் கிடக்கும் கல்பொடியில் திடீர் பிரேக் அடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். அதைத் தடுப்பதுதான் ஏபிஎஸ். 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளுக்கும் 2019 ஏப்ரல் முதல் அது கட்டாயம். அதற்கு முன் விற்ற பல தண்டர்பேர்டுகளில் அது இல்லை.

எனவே செகண்ட் ஹேண்டில் தேடுபவர்கள் சத்தத்தைக் கேட்பதற்கு முன், முன்சக்கரத்தில் ஏபிஎஸ் வளையம் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். வீட்டில் ஏற்கெனவே பழைய வண்டி நிற்கிறதா? விற்க வேண்டாம். நல்ல டயர், புது பிரேக் பேட், லாரிக்குப் பின்னால் கூடுதல் இடைவெளி, தலையில் ஹெல்மெட். இவ்வளவும் இருந்தால் அது இன்னும் பல வருஷம் ஓடும்.